யாராவது கேட்டால்

நாலு பேர் தன்னைப் பார்த்தால் குழந்தைசாமிக்கு நடை பின்னிக்கொள்ளும். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நிற்கக் கூச்சப்பட்டு, போட்டோக்காரர் வருவதற்குள் மாலையைக் கழற்றி மச்சினன் கையில் கொடுத்துவிட்டவர் அவர். அந்த ஆல்பத்தின் முதல் படத்தில் பெண்ணுக்கு மாலை இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இல்லை. டிரைவர் வேலை தனக்குப் பிடித்துப்போனதற்கும் இதுதான் காரணம் என்பார். வண்டி ஓட்டுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

கொல்லிமலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஆலத்தூர் நாட்டுக்காரர். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. இளவயதில் நாமக்கல்லுக்குப் போய் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, வடக்கே பல ஊர்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பழைய பிக்கப் வண்டியோடு மலைக்கே திரும்பிவிட்டார். மலையிலிருந்து பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் கீழே போகும். கீழேயிருந்து சிமெண்டும் அரிசியும் மேலே வரும். இத்தனை வளைவுகளில் இத்தனை வருஷம் ஏறி இறங்கியும் அவர் வண்டி ஒரு கல்லில்கூட உரசியதில்லை என்று சோளக்காட்டுச் சந்தையில் சொல்வார்கள். அப்படிப் புகழ்ந்து பேசும்போதும் அவர் அங்கே நிற்கமாட்டார்.

மனைவி பொன்னாயி. மூத்த மகள் கவிதா கல்யாணமாகி ராசிபுரம் பக்கம் போய்விட்டாள். இளைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் கலைச்செல்வி. அந்தப் பிள்ளை இப்போது தன்னைக் கலை என்று மட்டும்தான் சொல்லிக்கொள்கிறான். பெண்ணாகப் பிறந்தாலும் ஒருநாளும் தன்னைப் பெண்ணாக நினைத்ததில்லை என்கிறான். குழந்தைசாமியும் இப்போது 'அவன்' என்றுதான் சொல்கிறார். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தச் சொல் வாயில் வருவதற்கு முன்னால் குழந்தைசாமி என்ன செய்தார் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

சின்ன வயதில் கலை ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிப்பான். பெரியவர்கள் தயங்குகிற உயரத்துக்கும் போவான். அப்போது ஊரே மெச்சியது. "பொட்டப்பிள்ளைன்னு சொல்ல முடியுமா, ஆம்பளைப் பையனாட்டம்ல இருக்குது" என்பார்கள். குழந்தைசாமிக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான். வயசுக்கு வந்து சீர் செய்த பிறகு அதே ஊர் அதே வார்த்தையைக் குறையாகச் சொல்ல ஆரம்பித்தது. என்ன மாறிப்போனது என்று கலைக்கு விளங்கவில்லை. அவன் எப்போதும்போலத்தான் இருந்தான்.

ஒரு ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலில் கூட்டம் நிரம்பி வழிந்தபோது, மாமன் மகனுடைய வேட்டியையும் சட்டையையும் கட்டிக்கொண்டு கலை வந்து நின்றான். பார்த்தவர்கள் முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். குழந்தைசாமி பத்தடி தூரத்தில்தான் இருந்தார். கலை அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் திரும்பி வளையல் கடையைப் பார்க்கத் தொடங்கினார். வளையல் வாங்குவதற்கு அவருக்கு அன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம் கலை தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். பொன்னாயி விறகுக் கட்டையை எடுத்து அடித்தாள். அவன் தடுக்கவில்லை. அதன்பிறகு அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "அது சாப்பிட்டுச்சா", "அது எங்க போச்சு" என்றுதான் பேச்சு. கலையும் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். வீட்டுக்கு ஆள் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

பொன்னாயியின் அக்கா ராமாயி சேந்தமங்கலத்தில் இருந்தாள். யோசனை சொன்னது அவள்தான். திருச்செங்கோடு தாண்டி ஒரு நூல் மில் இருக்கிறது, வேலை செய்வது முழுக்கப் பெண்பிள்ளைகள், அங்கேயே ஹாஸ்டல், அங்கேயே சாப்பாடு. "நாலு மாசம் பொண்ணுங்க நடுவால இருந்தா தானாச் சரியாயிரும்" என்றாள். அதெல்லாம் சரியாகிற காரியம் என்று குழந்தைசாமி நம்பவில்லை. ஆனாலும் சரி என்றார். பிள்ளை கண்ணில் படாமல் இருந்தால், ஊர் தன்னைப் பார்ப்பதும் குறையும் என்று மனசு சொன்னது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பலாப்பழம் உச்சத்தில் இருந்த சமயம். "நாமக்கல்லுக்கு லோடு போறேன். கூட வாரியா, ஒரு கை கொறையுது" என்று கலையைக் கேட்டார். வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே போகாத பிள்ளை, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்து ஏறிக்கொண்டான். அவனுடைய சுடிதார்களை எல்லாம் மடித்து வைத்த பை பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது அவனுக்குத் தெரியாது. பொன்னாயி வாசலுக்கு வரவில்லை.

வளைவுகளெல்லாம் இறங்கி முடிந்த இடத்தில், காரவள்ளி செக்போஸ்டில் புதிதாக ஒரு வனக்காவலர் நின்றிருந்தார். பெயர் அசோக். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பழங்களைப் பார்த்துவிட்டு, டிரைவர் பக்கத்துச் சன்னலில் குனிந்தார்.

"இது யாரு, உங்க பையனா?"

பெண் என்று சொன்னால் இந்த ஆள் இன்னொரு தரம் குனிந்து பார்ப்பான் என்று குழந்தைசாமிக்குத் தோன்றியது. முடியைப் பார்ப்பான், சட்டையைப் பார்ப்பான், பிறகு தன்னையும் பார்ப்பான்.

"ஆமாங்க. எம்பட பையன்தான்."

"என்ன படிக்கிற தம்பி?"

"பத்தாவது முடிச்சிருக்கேனுங்க" என்றான் கலை.

அசோக் கையை அசைத்து வண்டியைப் போகச் சொன்னார்.

சமவெளி ரோட்டுக்கு வந்ததும் கலை சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்கப்பா, கடைசி வளைவுல ரெண்டாவது கியர்லயே எறக்குனீங்களே, பாரம் தள்ளாதா?" என்று கேட்டான். குழந்தைசாமி பதில் சொன்னார். அவன் இன்னொன்று கேட்டான். பிறகு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நடப்பதுபோல உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டிக் காட்டினான். முடி வெட்டிக்கொண்ட நாளிலிருந்து இத்தனை பேச்சு அவனிடமிருந்து வந்ததில்லை. ஏன் வருகிறது என்று குழந்தைசாமிக்குப் புரிந்தது. தப்பித்துக்கொள்வதற்காகத் தான் சொன்ன சொல்லைப் பிள்ளை தனக்குக் கிடைத்ததாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

சேந்தமங்கலத்தில் டீக்கடையில் நிறுத்தினார்.

"தம்பிக்கு என்னங்க?" என்றார் கடைக்காரர்.

"தம்பிக்கும் டீயே குடுங்க. ஒரு போண்டாவும்."

இந்த முறை அவர் கலையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே அப்படிச் சொன்னார். கலை டீயை ஊதிக்கொண்டே ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பியிருக்கலாம் என்று குழந்தைசாமி இப்போது சொல்கிறார். அன்றைக்கு அது தோன்றாமலும் இல்லை. பழம் வெயிலில் கிடக்கிறதே என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாமக்கல்லில் அவர் வழக்கமாகப் பழம் போடுவது சின்னக்கண்ணு என்பவருடைய மண்டியில். அங்கே கலை மேலே ஏறிப் பழங்களை உருட்டிக் கொடுப்பதும், கீழே குதித்துத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போவதுமாக வேலை செய்தான். மண்டி ஆட்கள் ரெண்டு பேர் தூக்குகிற பழத்தை ஒருவனாகக் கொண்டுபோய் வைத்தான். சின்னக்கண்ணு எடைத்தராசை விட்டு எழுந்து வந்தார்.

"யாரு, பையனா? நல்ல கையி. லீவுக்கு இங்க அனுப்பி வையி குழந்தைசாமி."

குழந்தைசாமி தலையை ஆட்டினார். அப்போதுதான் பூபதி உள்ளே வந்தான். அவன் ஆலத்தூர் நாட்டுக்காரன்தான், பக்கத்து வளவில்தான் வீடு. மண்டிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தான்.

"என்னங்கண்ணா, சின்னப் பாப்பாவப் போயி லோடு எறக்க உட்டிருக்கீங்க?"

"பாப்பாவா? எந்தப் பாப்பா?" என்றார் சின்னக்கண்ணு.

"இதுதாங்க. கலைச்செல்வி. பொன்னாயக்கா பொண்ணு. தலைய வெட்டிக்கிட்டு இப்படித்தான் திரியுது."

இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கலை தோளில் பழத்தோடு நின்றான். அவர்களில் ஒருவன் நிதானமாகச் சொன்னான்: "அப்ப எதுக்கும் சட்டையக் கழட்டிப் பாத்துட்டுக் கூலி பேசுங்கண்ணா. ஆம்பளைக்கு ஒரு ரேட்டு, பொம்பளைக்கு ஒரு ரேட்டாச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னக்கண்ணுகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அத்தனை பேரும் தன் முகத்தைப் பார்ப்பது குழந்தைசாமிக்குத் தெரிந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். அவரும் சிரித்தார்.

கலை அவர் சிரிப்பதைப் பார்த்தான். பழத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்கு வந்தான். வண்டி காலியாகும்வரை தூக்கினான். கடைசியில் தார்ப்பாயை உதறி மடிக்கும்போது, மூலையில் இருந்த பை வெளியே தெரிந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, எடுத்துக்கொண்டு முன்னால் வந்து மடியில் வைத்தபடி உட்கார்ந்தான்.

ஊர் எல்லை தாண்டும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"எங்கீங்கப்பா போறோம்?"

"பெரியம்மா ஊட்டுக்கு ஒரு எட்டு..."

"பெரியம்மா ஊடு சேந்தமங்கலத்துல இருக்குதுங்க. அதத் தாண்டித்தான வந்தோம்."

குழந்தைசாமி மில்லைப் பற்றிச் சொன்னார். சம்மதமா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கலை பையை மடியிலிருந்து காலடிக்கு இறக்கி வைத்தான்.

"காலைல செக்போஸ்ட்ல பையன்னு சொன்னீங்களே. எதுக்குங்கப்பா?"

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய்வரை வந்தது.

"பொண்ணுன்னு சொன்னா அந்த ஆளு ஒரு மாதிரிப் பாப்பானேன்னு சாமி. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"அப்படிங்களா" என்றான் கலை. "நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டேன்."

மில் வாசலில் வார்டன் பிரிசில்லா வந்து நின்றார். நடுத்தர வயது, கறாரான முகம். கலையைப் பார்த்தார், குழந்தைசாமியைப் பார்த்தார்.

"பொண்ணுன்னுதானே சொன்னாங்க?"

கலையும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து இந்தக் கேள்விக்குக் குழந்தைசாமி என்ன சொல்கிறார் என்று மூன்று இடத்தில் பார்த்துவிட்டவன்.

"பொண்ணுதாங்க" என்றார் அவர்.

"போய்ட்டு வாரேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கலை பையோடு உள்ளே போனான். அழவில்லை, சண்டை போடவில்லை. அழுதிருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன் என்று வழியெல்லாம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஓட்டினார் குழந்தைசாமி. பிள்ளை அழாததைக் குற்றமாக்குகிறோமே என்று பிறகுதான் உறைத்தது. செக்போஸ்டில் அசோக், "பையன் எங்கே?" என்று கேட்டார். "சொந்தக்காரங்க ஊட்டுல உட்டுருக்கேனுங்க" என்றார்.

வீட்டில் பொன்னாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அது அழுதுச்சுங்களா?"

"இல்ல."

அதைக் கேட்டதும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப்பின் குழந்தைசாமிக்கு வண்டியில் உட்கார்ந்தாலும் நிம்மதி இல்லை. ஆட்கள் கூடிச் சிரிக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் அவருக்குத் தன் சிரிப்பு நினைவுக்கு வந்தது. எதற்காகச் சிரித்தோம் என்று யோசிப்பார். அவர்கள் சொன்னது வேடிக்கையாக இல்லை. பயந்தும் சிரிக்கவில்லை, அடிக்க வந்தவர்கள் இல்லையே அவர்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்தால் அந்தப் பக்கத்து ஆளாகிவிடலாம், பிள்ளை மட்டும் இந்தப் பக்கம் நிற்கட்டும் என்றுதான் அந்தச் சிரிப்பு வந்தது. இப்படி யோசித்து முடிக்கும்போது, யாரும் பார்க்காத இடத்திலும் அவருக்கு முகம் எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரைப் பார்க்க விடுகிற நேரத்தில் மில்லுக்குப் போனார். தகரக் கொட்டகையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கலை சுடிதார் போட்டு, துப்பட்டாவைத் தோளில் ஊக்குக் குத்திக்கொண்டு வந்தான். குட்டை முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி யாரோ ஹேர்பின் மாட்டிவிட்டிருந்தார்கள். காலை ஒடுக்கி வைத்து நடந்தான். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"நல்லாருக்கீங்களாப்பா? அம்மா நல்லாருக்குதுங்களா?"

வீட்டுக்கு வந்த சம்பந்தியை விசாரிப்பதுபோல இருந்தது. வார்டன் பக்கத்தில் வந்து, "ரொம்ப அமைதிங்க. சொன்னாக் கேட்டுக்குது. சாப்பாடுதான் சரியா எடுக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரும் பொன்னாயியும் ராமாயியும் கேட்டது இப்படியொரு பிள்ளையைத்தான். அதைப் பார்க்கக் குழந்தைசாமியால் முடியவில்லை.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

கலை உடனே எழுந்திருக்கவில்லை.

"யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"யாரு கேக்கப் போறாங்க."

"கேப்பாங்கப்பா. செக்போஸ்ட்ல கேட்டாங்க, மண்டியில கேட்டாங்க. ஊர்ல தெனமும் கேப்பாங்க."

குழந்தைசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க யாரும் கேக்கறதில்லீங்க" என்றான் கலை. "எனக்கு இந்த எடம் புடிக்கல. இந்தத் துணியப் போட்டா மேலெல்லாம் பூச்சி ஊருறாப்பல இருக்குது. ஆனா இங்க எனக்கு வேண்டியவங்க யாரும் என்னையப் பாத்துச் சிரிக்கல. என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டு வாங்கப்பா. நான் இங்கதான இருக்கேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

திரும்பும்போது செக்போஸ்டில் அசோக்தான் இருந்தார். பேச்சுவாக்கில், "பையன் இன்னும் வரலியா?" என்றார். குழந்தைசாமி எஞ்சினை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏனுங்க, நான் அன்னிக்கு உங்ககிட்டப் பையன்னு சொன்னேனுங்களா. அது பொண்ணாப் பொறந்த பிள்ளைங்க. ஆனா அதுக்கு மனசு பையன்தானுங்க. அத நெனச்சு நான் சொல்லல. வெக்கப்பட்டுச் சொல்லிப்போட்டேன்."

அசோக் முழித்தார். இப்படி ஒரு விஷயத்தை ஒருவர் ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "சரிங்க, சரிங்க. பின்னால பஸ் நிக்குது, வண்டிய எடுங்க" என்றார். குழந்தைசாமி எடுத்தார். முதல் வளைவு திரும்புவதற்குள் காது மடல் சூடாகி, பிறகு ஆறிவிட்டது. சொன்னதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டதாகவும் இல்லை.

வீட்டில் பொன்னாயியிடம் மண்டியில் நடந்ததைச் சொன்னார், தான் சிரித்தது உட்பட.

"நீங்களுமா சிரிச்சீங்க?"

"ஆமா."

"நான் அடிச்சது அதுக்கு வலிச்சிருக்காது போங்க" என்றாள். பிறகு, "போய்க் கூட்டிட்டு வந்துருங்க. ஆனா பையன்னு என்னையச் சொல்லச் சொல்லாதீங்க. எனக்கு வாய் வராது" என்றாள்.

அடுத்த லோடு பழத்தை அவர் தனியாகவே இறக்கினார். பூபதி இருந்தான். சட்டையைக் கழற்றச் சொன்னவனும் இருந்தான்.

"எங்கண்ணா பாப்பாவக் காணோம்?" என்றான் பூபதி.

குழந்தைசாமி பழத்தைக் கீழே வைத்தார். இதற்காக வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தபோது அதில் பாதிதான் வந்தது.

"பாப்பா இல்ல பூபதி. அவன் எம்பட பையன். அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

சின்னக்கண்ணு தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஒருவன், "அண்ணனுக்கு வெயில் ஏறிப்போச்சாட்டக்குது" என்றான். சிரித்தார்கள். குழந்தைசாமிக்கு வண்டிவரை நடப்பதற்குள் கால் பின்னியது. தார்ப்பாய்க் கயிற்றில் தடுக்கி ஒரு கையை ஊன்றிக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள். இப்போதும் அதே மண்டிக்குத்தான் பழம் போடுகிறார். அதற்குப்பிறகு யாரும் அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. முன்போல டீ குடிக்க வா என்று கூப்பிடுவதும் இல்லை.

மண்டியிலிருந்து நேராக மில்லுக்கு ஓட்டினார். கிழமை பார்க்கவில்லை. பிரிசில்லா கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுக் கலையை அனுப்பினார்.

"மண்டியில சொல்லிட்டேன்" என்றார் குழந்தைசாமி.

"என்னன்னுங்கப்பா?"

"பையன்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீங்க?"

"நான் சிரிக்கல."

கலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது அப்படிப் பார்த்தால் குழந்தைசாமி தலையைக் குனிந்துகொள்வார். அன்றைக்குக் குனியாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"சரிங்க. துணி மாத்திட்டு வாரேன்" என்றான் கலை.

போகும்போது பிரிசில்லா குழந்தைசாமியிடம், "நல்ல பிள்ளைங்க. வீட்ல திட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். என்ன புரிந்துகொண்டு சொன்னாரோ தெரியாது. வரும் வழியில் கலை கணக்கு வாத்தியாரைப்போல நடித்துக் காட்டவில்லை. தூங்கிக்கொண்டே வந்தான்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. கலை இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறான். முதலாளி அர்த்தநாரி, வேலை கேட்டுப் போன அன்றைக்கு, "வெல்டிங் கண்ணாடி போடாம கையில ராடு எடுத்தா அன்னிக்கே வெளிய போகணும்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு வருவான். பொன்னாயி சாமைச் சோறு ஆக்கிப் போடுவாள். "அது" என்பதை விட்டுவிட்டாள். "கலை" என்கிறாள். அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. ஊரில் பேசுகிறவர்கள் பேசத்தான் செய்கிறார்கள்.

போன தை மாதம் கவிதாவின் குழந்தைக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்தார்கள். சின்னவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று கவிதா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். குழந்தைசாமி அதைக் கலையிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருக்கும்போதே அவன், "நீங்க போய்ட்டு வாங்கப்பா. அக்காவுக்கு எதுக்குச் சங்கடம்" என்றுவிட்டான்.

"அப்ப நானும் போகல" என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தைசாமி போனார். வெள்ளை வேட்டி சட்டையோடு பந்தலில் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர், "சின்னப் பொண்ணு வரலீங்களா?" என்று கேட்டார்.

"அவன் நாமக்கல்ல வேலைக்குப் போறானுங்க."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "யாரு?" என்றார். குழந்தைசாமி மறுபடி சொல்லவில்லை. ரசம் ஊற்றுகிறவர் வந்தார், பேச்சு அதோடு போயிற்று.

திரும்பும்போது பொன்னாயியை ராமாயி வீட்டில் இறக்கிவிட்டு, பட்டறைக்குப் போனார். இலையில் வைத்த லட்டைக் காகிதத்தில் பொதிந்து எடுத்து வந்திருந்தார். கலை கையைப் பேண்டில் துடைத்துவிட்டு வாங்கி நின்றபடியே தின்றான்.

"குட்டி அழுதுச்சுங்களாப்பா, காது குத்தும்போது?"

"அழுதுச்சு. அப்பறம் சரியாப் போச்சு."

"அக்கா என்ன சீல கட்டியிருந்துச்சு?"

பச்சை என்று சொன்னார். நிஜமாக என்ன நிறம் என்று அவருக்கு நினைவில்லை. தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பந்தலில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கலையைக் கூப்பிட்டார்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். குழந்தைசாமி அங்கேயே நின்றார். லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும், வண்டியை ஓரமாக விடுங்கள் என்று ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.